மேஸ்திரி பெயரில் ஓடிய புரோகிராம்

என் மச்சினனைத் தீவிர சிகிச்சை வார்டில் சேர்த்தபின் அவன் கட்டிலருகே கிடந்த நாற்காலியில் நான் குடியேறினேன். அந்த நாற்காலியைச் செய்தவனுக்கு மனித குலத்தின்மேல் ஏதோ தீராத கோபம் இருந்திருக்க வேண்டும். அதில் ஒரு மதியம் உட்கார்ந்து எழுந்தால் முதுகு கேள்விக்குறியாகிவிடும். நான் போன வேளையெல்லாம் அதே நாற்காலிதான். காலையில் என் மனைவி, அதாவது அவன் அக்கா, கூட இருப்பாள். மதியத்திலிருந்து என் முறை.

சன்னல்களில் சாம்பல் நிறத் திரைகள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் மழை வரப்போகிற வெளிச்சம்தான். துடைத்த தரையின் ஈர வாடை, மருந்து நெடி, கட்டிலுக்குக் கட்டில் மருந்து சொட்டும் பம்ப்புகளின் சன்னமான டிக் டிக். எல்லோர் முகத்திலும் தூக்கம் தொங்கியது. நர்ஸ்கள் நடக்கும்போது செருப்பு தரையில் தேய்ந்தது. மருத்துவர் ஒருவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே உத்தரவு போட்டார்.

மச்சினன் தச்சுவேலை செய்பவன். இதயம் மக்கர் செய்ததால் படுத்திருந்தான், வாய் மட்டும் எழுந்து உலவிக்கொண்டிருந்தது.

"அத்தான், நான் போய்ட்டா பெட்டிய நல்ல மரத்துல செய்யச் சொல்லுங்க. பிளைவுட்ல போட்டு மானத்த வாங்கிடாதீங்க."

"நீ போய்ட்டா உங்க அக்கா என்னை உயிரோட விடமாட்டா. உனக்கு மட்டும் இல்ல, ரெண்டு பெட்டி செய்யணும். செலவ நெனச்சு ஒழுங்கா கிட."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தலைமாட்டிலிருந்த பம்ப்பைப் பார்த்தான்.

"அத்தான், இது நிக்குது."

பார்த்தேன். விழுந்துகொண்டிருந்த சொட்டு விழவில்லை. குழாயின் நுனியில் தொங்கியபடியே இருந்தது.

பிறகு விழுந்தது.

அந்தச் சிறிய இடைவெளிக்குள் அவன் உதடு வெளுத்துவிட்டது. அவனுடைய இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தச் சொட்டுதான். தலைமை நர்ஸ் ஓடி வந்தார்.

"மறுபடியுமா? பம்ப்ப மாத்திட்டோம், வயர மாத்திட்டோம், பிளக்க மாத்திட்டோம். இனி மாத்த நான்தான் பாக்கி."

"மத்த கட்டில்லயும் நிக்குதா சிஸ்டர்?"

"நிக்குது சார். ஆனா இவருக்குத்தான் ரொம்ப. நேத்தவிட இன்னிக்கு அதிக நேரம் நிக்குது." குரலைத் தாழ்த்தினார். "இப்படியே போனா தாங்கமாட்டார்."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். காரணம், அந்தப் பம்ப்புகளுக்குப் பின்னால் ஓடிய புரோகிராமை நான் அறிவேன். ஓய்வு பெறுவதற்கு முன் நானும் இன்னொருத்தியும் சேர்ந்து எழுதியது அது. உண்மையைச் சொன்னால், எழுதியது அவள். பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது நான்.

அவளுக்கு 'மேஸ்திரி' என்று பட்டப்பெயர். செங்கல் அடுக்குவதுபோல் கட்டளைகளை ஒவ்வொன்றாக அடுக்குவாள். அவள் செய்த வித்தையைச் சொல்கிறேன், கேளுங்கள். நோயாளியின் எடை வேறு, இரத்தம் வேறு, மருத்துவர் போடும் விதியும் அடிக்கடி மாறும். அத்தனைக்கும் முன்கூட்டியே கணக்கு எழுதி வைக்க முடியாது. அதனால் பம்ப் 'எவ்வளவு விடட்டும்?' என்று கேட்கிற அந்தக் கணத்தில், இந்த நோயாளிக்கு மட்டும், இந்தச் சொட்டுக்கு மட்டும் என்று புரோகிராமே ஒரு குட்டிக் கணக்கை எழுதிக்கொள்ளும். அதை எழுதும் மொழிக்கு இடைமொழி என்று பெயர். மனிதன் பேசும் மொழியும் அல்ல, இயந்திரத்தின் சொந்த மொழியும் அல்ல, நடுவில் தொங்குவது. எழுதியவுடன் இயந்திரம் அதைத் தன் மொழிக்கு மாற்றி ஓட்டும். பதில் வந்ததும் தூக்கி எறிந்துவிடும். எந்தக் கோப்பிலும் இருக்காது. சட்டையை அந்த நிமிடமே தைத்து, ஒரே ஒரு தடவை போட்டு, கொளுத்திவிடுகிற மாதிரி.

மேஸ்திரி இப்போது உயிரோடு இல்லை. இந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சர்வர் அறையில், வேலையின் நடுவிலேயே விசைப்பலகையில் நெற்றியைச் சாய்த்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துப் போர்வை போர்த்தினார்களாம்.

தலைமை நர்ஸிடம் சொல்லிவிட்டு நான் கீழே இறங்கினேன்.

சர்வர் அறைக்குப் பொறுப்பான கணினிக்காரருக்கு வார்டு முழுக்க 'தொடாதே' என்றுதான் பெயர். எந்த இயந்திரத்தைக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். கல்யாணத்தில் மணப்பெண்ணிடமும் அதையே சொன்னார் என்று கேள்வி.

பழைய பழக்கத்தில் எனக்காக அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தார். குளிர் முகத்தில் அறைந்தது. விசிறிகளின் இரைச்சல். அந்தக் குளிருக்குள் ஒரு வாசனை மிதந்தது.

தைலம்.

மணிக்கட்டு வலிக்கு மேஸ்திரி தேய்த்துக்கொள்வாளே, அதே தைலம்.

"யாருக்குக் கை வலி?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்ல சார். இந்த ரூம்ல எப்பவுமே இப்படித்தான் அடிக்கும். ஏசி வாடைன்னு நெனச்சுக்குவேன்." அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"மச்சினனோட பம்ப்புக்கு இப்ப எழுதற கணக்க எனக்குக் காட்டு தம்பி. தூக்கி எறியறதுக்கு முன்னாடி பிடிச்சுக் காட்டு."

"சார், ஓடிக்கிட்டு இருக்கு. தொடா—"

"தொடல. பாக்கறேன்."

பிடித்துக் காட்டினார். திரையில் வரிகள் வந்தன. எடையை எடு. விதியை எடு. பெருக்கு. அளவைச் சரிபார். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்து வந்தது 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளை.

இடைமொழியில் அப்படி ஒரு கட்டளை உண்டு. இயந்திரம் அதைப் படிக்கும், எதுவும் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகும். யாரும் அதைக் கையால் போடமாட்டார்கள். மேஸ்திரி போடுவாள். ஒவ்வொரு கணக்கும் முடிவதற்கு முன் ஒன்றே ஒன்று. "எதுக்கு இது?" என்று ஒருமுறை கேட்டேன். "முடிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்யா, உனக்கென்ன?" என்றாள்.

ஆனால் திரையில் இருந்தது ஒன்றல்ல.

ஒன்றும் செய்யாதே. ஒன்றும் செய்யாதே. ஒன்றும் செய்யாதே.

பக்கத்தை உருட்டினேன்.

ஒன்றும் செய்யாதே.

விரல் வலிக்கும்வரை உருட்டினேன். அந்தக் கட்டளை ஒன்றுக்கு ஆகும் நேரம் கண்ணிமைப்பில் கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. அதை அடுக்கி ஒரு பம்ப்பையே நிறுத்த வேண்டுமென்றால் எத்தனை வேண்டும்? கடலை ஸ்பூனால் இறைக்கிற மாதிரி. யாரோ இறைத்திருக்கிறார்கள்.

"இத யாரு எழுதினது?" தொடாதே என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

இந்தக் கணக்குகளை எழுதுகிற மூலப் புரோகிராமைத் திறந்து பார்த்தோம். அதில் ஒரே ஒரு 'ஒன்றும் செய்யாதே' இருந்தது. மீதி எதுவும் அங்கே இல்லை. எழுதும்போதே எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

"இந்த புரோகிராம யார் பேர்ல ஆரம்பிச்சிருக்காங்க?"

அவர் திரையின் ஓரத்தைக் காட்டினார். மேஸ்திரியின் பெயர் ஒளிர்ந்தது. அவள் உள்ளே நுழைந்து ஆரம்பித்து வைத்த ஓட்டம். அவளைத் தூக்கிக்கொண்டு போனபிறகும் யாரும் அதை அணைக்கவில்லை.

"ஏம்ப்பா அணைக்கல?"

"நல்லா ஓடுச்சு சார். நல்லா ஓடறத எதுக்குத் தொடணும்?"

எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பேச்சுதான் அது. நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்று கேட்டபோது முதுகுத்தண்டில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. எந்தக் கட்டிலில் எந்தச் சொட்டு விழுந்தாலும் அவள் பெயரில் ஒரு கணக்கு பிறக்கிறது. பிறந்த கணமே வேலை. வேலை முடிந்த கணமே சாவு. அடுத்த சொட்டுக்கு அவளை மறுபடி எழுப்புகிறார்கள். இரவில்லை, பகலில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. என் மச்சினனுக்குச் சொட்டுக்குச் சொட்டு கணக்கு மாறும். அதனால் அவன் பம்ப்தான் அவளை அதிகமாகக் கூப்பிட்டது.

அவள் அவனைக் கொல்லப் பார்க்கவில்லை. அவளுக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

சுவரில் இருந்த தொலைபேசி அலறியது. தலைமை நர்ஸ்.

"சார், இந்தத் தடவ ரொம்ப நேரம் நின்னுடுச்சு. கண்ணு சொருகுது. சீக்கிரம்!"

"எல்லா கட்டிலுக்கும் கையால மருந்து விடுங்க சிஸ்டர். கீழ அணைக்கப் போறோம்."

"கையால எவ்வளவு நேரம் விடமுடியும்? கொஞ்சம் கூடினாலும் போச்சு, குறைஞ்சாலும் போச்சு."

"எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் விடுங்க!"

தொடாதே ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "அணைச்சா திரும்ப வராது சார்."

"வராம இருக்கணும்னுதான் அணைக்கறோம்."

அணைக்கும் கட்டளையை நான் அடித்தேன். 'உறுதியா?' என்று திரை கேட்டது.

"மேஸ்திரி," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். "போதும். நீ எழுந்திரு."

விசையைத் தட்டினேன்.

விசிறிகளின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்து நின்றது. அந்த அமைதியில் என் காதோரம் யாரோ மூச்சை வெளியே விட்டார்கள். நீளமான மூச்சு. நானும் விடவில்லை, தொடாதேயும் விடவில்லை. அவர் மூச்சு விட்டே வெகுநேரம் ஆகியிருந்தது.

தைல வாசனை கனத்தது.

மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்த சக்கர நாற்காலி மெல்லப் பின்னால் உருண்டது.

இருக்கையின் பஞ்சு அமுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பி எழுந்தது.

அட்டை காட்டினால்தான் திறக்கும் கதவு. அட்டை தொடாதேயின் கழுத்தில் தொங்கியது. கதவு 'பீப்' என்றது. திறந்தது. ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்துவிட்டு, சத்தம் வராமல் சாத்திக்கொண்டது.

தொடாதே என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் மணிக்கட்டு எலும்பு ரெண்டு இன்ச் நகர்ந்தது.

"மறுபடி ஆரம்பிக்கணும்," என்றேன். "ஒரு பேரு வேணும்."

"என் பேர் வேணாம் சார். எனக்குப் பிள்ளைங்க இருக்கு."

"ஆஸ்பத்திரி நிர்வாகி பேரப் போடு."

"சார்!"

"இருக்கும்போது ஒரு வேலையும் செய்யாத மனுஷன். போனதுக்கப்புறமாவது செய்யட்டும்."

போட்டார். புரோகிராம் எழுந்தது. முதல் கணக்கைப் பிடித்துப் பார்த்தோம். எடையை எடு, விதியை எடு, பெருக்கு, சரிபார். ஒரே ஒரு இடத்தில் ஒன்றும் செய்யாதே. முடி.

நான் படியேறி ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான், நத்தைகள் வேறு விதமாகச் சொல்லலாம். தலைமை நர்ஸ் கட்டிலோடு ஒட்டி நின்று கையில் ஊசிக்குழாயைப் பிடித்திருந்தார். நெற்றி வியர்வை மூக்கில் வழிந்தது, துடைக்கக் கையில்லை. பம்ப் டிக் என்றது. அடுத்த டிக். அடுத்தது. ஒன்றும் தவறவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மச்சினன் கண்ணைத் திறந்தான். "என்ன அத்தான், பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"உன் மூஞ்சிய இவ்வளவு கிட்டத்துல பாத்தா வேற எப்படிடா இருக்கும்?"

நடந்த எதையும் அவனிடம் சொல்லவில்லை. பலவீனமான இதயம். அவன் அக்காவிடமும் சொல்லவில்லை, அவள் இதயம் பலமானது, என்னைத்தான் திட்டுவாள். நான் மேலே வந்த பிறகு தொடாதே ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

மச்சினன் தேறினான். வீட்டுக்கு அனுப்பிய அன்று என் மகள் தன் புதுக் காரைக் கொடுத்திருந்தாள். எதற்கெடுத்தாலும் கத்துகிற கார் அது. நல்ல நடுப்பகல். பைகளை டிக்கியில் போட்டுப் பூட்டினேன். அவனை முன்னால் உட்கார வைத்து பெல்ட் மாட்டினேன். நானும் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். உடம்பில் ஒவ்வொரு மூட்டும் தூக்கம் கேட்டது.

கார் கத்த ஆரம்பித்தது.

பின் இருக்கையில் யாரோ பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"பின்னாடி ஏதாவது வெச்சீங்களா அத்தான்?"

"இல்ல."

திரும்பிப் பார்த்தேன். பின் இருக்கை காலி. கார் விடாமல் கத்தியது.

இறங்கினேன். பின் கதவைத் திறந்தேன். வெயிலில் கொதித்த காருக்குள் அந்த மூலை மட்டும் குளிர்ந்திருந்தது. எனக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். காலி இருக்கைக்குத் தேவையானதைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருந்தது. மாட்டினேன்.

சத்தம் நின்றது.

பெல்ட் இருக்கைமேல் படியவில்லை. அதிலிருந்து விலகி, முன்னால் புடைத்து நின்றது. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மச்சினன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையையே பார்த்தபடி, வார்டில் நோயாளி பக்கத்தில் பேசுகிற குரலில் சொன்னான்.

"மேடு பள்ளம் பாத்து ஓட்டுங்க அத்தான். அவங்க தூங்கறாங்க."