கடைசி அகப்பைத் தண்ணீர்

அகப்பை இடம் மாறியிருந்தது.

ஹெல்கா அதை மரவாளியின் விளிம்பில் மாட்டிவிட்டுத்தான் விறகெடுக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் சவுனா என்னும் அந்த நீராவிக் குளியலறையின் மேல்பலகையில் கிடக்கிறது. பக்கத்தில் பலகை ஈரமாக இருக்கிறது, ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அகலத்துக்கு. கணவன் உர்ஹோ இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. நாமே வைத்துவிட்டு மறந்திருப்போம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

எழுதுகிறவர்களுக்கு ஆளுக்கொரு கிறுக்கு. சிலருக்குக் காப்பி, சிலருக்கு நடை. ஹெல்காவுக்கு ஏரிக்கரையில் இருந்த அந்தச் சவுனா. வாரமெல்லாம் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவளுக்கு, மேசையில் உட்கார்ந்தால் ஒரு வரி வந்து தொலையாது. சனிக்கிழமை உர்ஹோ குளித்துவிட்டுப் போனதும், விளக்கை அணைத்து, கீழ்ப்பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கதையை வாய்விட்டுச் சொல்வாள். ஒரு வாக்கியம் சொல்லி, அடுப்பின்மேல் பழுத்துக் கிடக்கும் கற்களில் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றுவாள். சீறல் அடங்குவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

அப்படி வளர்ந்ததுதான் அந்த நாவல். உறைந்த ஏரிமேல் நடந்து போகும் ஒரு மீனவனின் கதை. உர்ஹோவின் இருமலையும் சாய்ந்த நடையையும் அவனைக் கேட்காமலேயே மீனவனுக்குக் கொடுத்திருந்தாள். முடிவு மட்டும் பிடிபடவில்லை. ஹெல்சிங்கியில் ஒரு பதிப்பகம், முடிவையும் அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றிருந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு வாசல்வரை வந்த அதிர்ஷ்டம். அதைக் கைவிட அவளுக்கு மனமில்லை.

உர்ஹோ குளித்து முடித்து, முன்னறையில் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"இன்னிக்காவது அவனை ஒரு வழி பண்ணிடுவியா, எழுத்தாளரம்மா? மாசக்கணக்கா ஏரிமேல நிக்கறான். பாவம், கால் மரத்துப் போயிருக்கும்."

"முடிவு வரமாட்டேங்குது."

"எனக்குப் பசி வருது. வலையை இழுத்துட்டு வரேன். மீன் விழுந்திருந்தா சூப்பு."

"ஏரிமேல பனி தாங்குமா?"

"கடப்பாரையால தட்டிப் பாத்துத்தானே நடப்பேன். எனக்கென்ன உன் மீனவனாட்டம் கிறுக்கா?" இருமினான். வாசலில் நின்று திரும்பினான். "கடைசித் தண்ணியை ஊத்திட்டு உடனே வந்துடு. அது நமக்கில்ல."

அந்த ஊரில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லோரும் குளித்து முடித்ததும் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றி, நன்றி சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டும். அந்த வெக்கை கடைசியாகக் குளிப்பவனுக்கு. அவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. இலையுதிர் காலத்திலிருந்து ஹெல்கா அதை மீறிக்கொண்டிருந்தாள். ஊற்றிவிட்டு எழாமல் இருந்துவிடுவாள். அவளுடைய நல்ல வாக்கியங்களெல்லாம் அந்த வெக்கையில்தான் வந்தன.

விளக்கை அணைத்தாள். நவம்பர் கடைசி, பிற்பகலிலேயே வெளியே கும்மிருட்டு. குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலையின் கசந்த வாசனையும், சுவரில் ஊறிய தாரின் வாசனையும், அவற்றுக்கு அடியில் வேறொன்றும், வெகுகாலம் நனைந்தே கிடந்த தலைமுடியின் வாடைபோல ஒன்றும், வெக்கையோடு சேர்ந்து மெல்ல இறங்கி அவள் தோளில் உட்கார்ந்தன. கதையைச் சொல்லத் தொடங்கினாள். மீனவன் ஏரியில் கால் வைக்கும் இடம்வரை வந்தாள். வழக்கம்போல அங்கே நின்றது.

கடைசித் தண்ணீரை ஊற்றினாள். எழவில்லை.

மேல்பலகை முனகியது. சூட்டில் மரம் முனகும்தான்.

"அவன் கடப்பாரையைத் தேடினான்," என்றது ஒரு குரல். "அது வைத்த இடத்தில் இல்லை."

அவளுடைய குரல். கதை சொல்லும்போது வருகிற அதே குரல். ஆனால் மேலிருந்து வந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. என்ன அருமையான வாக்கியம் என்ற சந்தோஷம்தான் வந்தது.

பிறகுதான் அடுப்பின் சிவந்த வெளிச்சத்தில் மூலையைப் பார்த்தாள். விறகுக் கூடைக்குப் பின்னால் கடப்பாரை சாய்ந்திருந்தது. குளிக்கத் தண்ணீர் மொள்ள, காலையில் கரையோரப் பனியை உடைத்தவள் அவள்தான். திருப்பிக் கொண்டுபோய் வைக்கவில்லை.

"நேற்றுத் தாங்கியது, இன்றும் தாங்கும் என்று அவன் நடந்தான்."

சின்ன ஜன்னலைக் கையால் துடைத்தாள். தூரத்தில், ஏரிமேல், ஒரு விளக்கு சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

கதவுக்கு ஓடினாள். தாழில் கை வைத்தாள். திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். காற்றில்லாத ஏரி. அவனுக்குக் கேட்கும்.

"மனைவி கதவருகே வந்துவிட்டாள்," என்றது மேல்பலகை.

அதோடு நிறுத்திக்கொண்டது. காத்திருந்தது.

அடுத்ததுதான் முடிவு. அவளுக்குத் தெரிந்தது. கதவைத் திறந்தால் வெக்கை போய்விடும். வெக்கை போனால் குரலும் போய்விடும். இனி வராது.

ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்டுவிட்டு உடனே கத்திவிடலாம்.

தாழ் கையைச் சுட்டது. எடுக்கவில்லை.

"அவள் கூப்பிடவில்லை."

ஏரியில் பனி பிளக்கும் சத்தம் எழுந்தது. நீளமாக. ஜன்னலில் அந்த விளக்கு இல்லை.

கத்தினாள். கதவைத் தள்ளினாள். வெளியே யாரோ முதுகு கொடுத்து நிற்பதுபோல அது அசையவில்லை.

கற்கள் சீறின. யாரும் ஊற்றவில்லை.

மேல்பலகை மறுபடி முனகியது. இன்னொரு ஆள் உட்காரும் கனத்தில். அவள் பிடரியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சில்லென்ற தண்ணீர்.

இருமல். அவளுக்கு நன்றாகத் தெரிந்த இருமல்.

"ம்," என்றான் உர்ஹோ. "அப்புறம்?"

மேலிருந்து அகப்பையின் காம்பு அவள் முகத்தருகே நீண்டது. அதைப் பிடித்திருந்த விரல்களில் பனி அப்பியிருந்தது, அந்தச் சூட்டிலும் உருகாமல்.