ஓடாத வண்டிகளின் தண்ணீர்

வளைகாப்புக்கு வந்த வண்டிகளை எல்லாம் வரிசையாகக் கல்லின்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். சக்கரங்கள் அந்தரத்தில் சுழன்றன. ஒவ்வொரு பின்குழாயின் கீழும் ஒரு பிளாஸ்டிக் குடம்.

கருவேலங்குடியில் இப்போது இதுதான் மரியாதை. பிரியமான சொந்தக்காரர் என்றால் விசேஷ வீட்டில் தன் வண்டியைத் தண்ணீருக்கு விட வேண்டும்.

வண்டியைச் செய்தவர்கள் நினைத்தது வேறு. ஹைட்ரஜன் என்னும் நீரகத்தைக் கலனில் சுமந்து அலைய வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் போதும் என்றார்கள். வண்டிக்குள் இருக்கும் நீர்பிளப்பியில் ஓர் உலோக வில்லை கரைந்து தண்ணீரிலிருந்து நீரகத்தைப் பிரிக்கும். அந்த நீரகம் எரிமின்கலத்தில் காற்றோடு கூடி மோட்டாரை ஓட்டும். கடைசியில் குழாய் வழியே சொட்டுவது சுத்தமான தண்ணீர். ஊற்றியதில் பாதிதான் திரும்பும். ஆனால் ஊற்றுவது கிணற்று உப்புத் தண்ணீர், திரும்புவது நல்ல தண்ணீர். ராமநாதபுரம் கடலோரத்தில் இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கொரு வண்டி வந்தது. இனி எதற்கு என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

மங்களேஸ்வரிக்கு ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகத்தான் அவள் அப்பா வண்டி வாங்கிக் கொடுத்திருந்தார். காலையிலேயே கணவனிடம் சொன்னாள்.

"நம்ம வண்டி வில்லைய மட்டும் விட்டு வைங்க. எனக்கு இடுப்பு ஒரு மாதிரி இருக்கு."

"வந்தவுக எல்லாம் வண்டிய விட்டிருக்காக. நம்ம வண்டி சும்மா நின்னா என்ன பேசுவாக?" என்றான் பூமிராஜன். "புது வில்லை நாளைக்கு வந்துரும்."

விருந்தாளிகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுக்க எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

கைநிறைய வளையல் அடுக்கி முடிப்பதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. பூமிராஜன் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கினான். எல்லாவற்றிலும் வில்லை கரைந்து வெள்ளைச் சேறாகிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். உள்ளறையில் மங்களேஸ்வரிக்குச் செத்துவிடுவோம் என்றே தோன்றியது. அவள் சத்தம் போட்டு அழுதாள்.

விருந்துக்கு வந்திருந்த நர்ஸ் சகாயமேரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை.

"நல்லவேளை, வண்டி இருந்துச்சு," என்றாள் மாமியார், வெந்நீரை விளாவியபடி. "இல்லாட்டி பிள்ளையத் தொடைக்க நல்ல தண்ணிக்கு எங்க போயிருப்போம்?"

எல்லாரும் ஆமோதித்தார்கள்.

பூமிராஜன் குனிந்து மனைவியின் காதோரம் சொன்னான். "பயப்படாத. அடுத்த பிரசவத்துக்குள்ள இன்னொரு வண்டி வாங்கிருவோம்."

"அதையாவது ஓட்டுவீகளா?"

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான்.

"ஓட்டுனா தண்ணியெல்லாம் ரோட்டுல போயிருமே, புள்ள?"