கணவாயில் விழாத முத்திரை

"கும்பாரே, இந்த அட்டையில என்னால கையெழுத்துப் போட முடியாது" என்று சொல்லி, ரொக்கோ அதைத் தன் தோழர் கதால்தோவின் ஆரஞ்சுத் தோல்களுக்கு நடுவே வைத்தார்.

நிக்கோசியாவில் எங்கள் சைக்கிள் சங்கம் ஆண்டுதோறும் தங்கும் விடுதி அது. மாலை ஐந்து மணி. அன்று சூசையப்பர் திருநாள் என்பதால் சமையற்கட்டிலிருந்து அவரைக் கூழின் வாசனை வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு அறை அடுப்புக்கு மேலே ஒரு கயிறு கட்டி, ஈரத்துணிகளைக் காயப் போட்டிருந்தார்கள்.

கதால்தோ ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டே அட்டையைப் பார்த்தார். முப்பது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக, ஆலங்கட்டி மழை அடித்த திராட்சைத் தோட்டங்களில் நடந்தவர் அவர். எது வானம் செய்த சேதம், எது விவசாயி கம்பால் செய்த சேதம் என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் சங்கத்தில் எந்த வழக்கு வந்தாலும் அவரிடம்தான் போகும். அவர் எதற்கும் அவசரப்பட மாட்டார். சில சமயம் பார்ப்பவர்களுக்கு அது எரிச்சலாகக்கூட இருக்கும்.

"தோன்னா அக்ரிப்பினாவோட அட்டையா?"

"அதான் என் தலைவலி."

மார்ச் மாதத்தில் பன்னிரண்டு நாள் சிசிலியைச் சுற்றி வருவது எங்கள் வழக்கம். பதினொரு நாள் கூட்டமாகப் போவோம். காற்று அடித்தால் ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் ஒதுங்கலாம். மலையைத் தாண்டும் ஒரு நாள் மட்டும் அவரவர் தனியாக ஓட்ட வேண்டும். அன்று இன்னொருவர் மறைவில் ஒதுங்கியவருக்கு அந்த ஆண்டுக் கணக்கு போயிற்று. மறைவு கொடுத்தவருக்குத் தண்டனை கிடையாது. வழியில் இரண்டு கடைகளில் முத்திரை வாங்கி, மாலை நான்கு மணிக்குள் விடுதிக்கு வந்து கடைசி முத்திரை வாங்க வேண்டும். பத்து ஆண்டு விடாமல் முடித்தவருக்குச் சங்கத்தின் பழைய ஆட்டு மணியைக் கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து அதைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர்தான் முன்னால் போவார். ஒரு வருடம் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

'தோன்னா' என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் அக்ரிப்பினாவுக்கு இது பத்தாவது வருடம். வயது எழுபத்தொன்று. இன்னொரு பத்து வருடம் என்பது நடக்கிற காரியமில்லை. முப்பத்தாறு வருடம் சைக்கிளில் தபால் கொடுத்த அந்த அம்மாளை எனக்கும் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும். ரொக்கோவுக்கும் பிடிக்கும். ஆனால் அவர் சங்கச் செயலாளர். சட்டம் என்றால் பெற்ற தாய்க்கும் விலக்கு தர மாட்டார்.

"மிஸ்ரெத்தா கடை முத்திரை இருக்கு, பதினொன்னு நாப்பது. இங்க வந்தது மூணு நாப்பது, அதுவும் இருக்கு. நடுவுல கணவாய்க் கட்டம் காலி" என்றார் ரொக்கோ. "கடைக்காரன் திருநாளுக்குன்னு ஒரு மணிக்கே பூட்டிட்டுப் போயிட்டான். சரி, பூட்டியிருந்தா அங்க அவங்களைப் பார்த்த ஒருத்தர் கையெழுத்துப் போடணும். 'யாரு பார்த்தாங்க தோன்னா?'ன்னு கேட்டேன். 'கட்டத்துல என்ன இருக்கோ அதான்'னு சொல்லிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"இல்ல. ஏத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் வச்சு, ஒண்ணு நாப்பதுக்குக் கணவாய விட்டிருந்தா, தெற்குக் காத்து மூஞ்சில அடிக்க அடிக்க ரெண்டு மணி நேரத்துல வந்திருக்காங்க. நான் ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கு மேல எடுத்தேன். எனக்கு அம்பத்திரண்டு வயசு. அதே நேரத்துல மலையிலேருந்து ஒரு இடையனோட திறந்த சரக்கு வண்டி வந்து இறங்கிச்சு. நான் என்ன நினைக்கிறது?"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நின்ஃபா வந்தாள். மருந்துக்கடைக்காரி. மணிக்கட்டு சுளுக்கியதால் இந்த வருடம் எங்கள் மூட்டை முடிச்சு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவள். கதால்தோ துப்புத் துலக்கும் இடத்தில் அவள் இல்லாமல் இருந்ததே இல்லை.

"இடையனைப் பிடிச்சுக் கேட்டுட்டேன்" என்றாள் மூச்சு வாங்க. "வண்டியில பதினோரு ஆட்டுக்குட்டி, ஒரு கன்னுக்குட்டி. ஒரு கோழி ஏறக்கூட இடமில்லை, எழுபது வயசு அம்மாவை எங்க ஏத்துறதுங்கறான்."

"அவங்க தபால் கொடுத்த ஊர்க்காரன் அவன். அவங்களுக்காகப் பொய்யும் சொல்லுவான்" என்றார் ரொக்கோ.

"அப்போ கன்னுக்குட்டியையே சாட்சி சொல்லச் சொல்லுவோமா ரொக்கோ?"

கதால்தோ சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கயிற்றில் தொங்கிய துணிகளைப் பார்த்தார். அன்று ஒரு மணிக்கு முன்னால் வந்து சேர்ந்த நாங்கள் நனையவில்லை. அதற்குப் பிறகுதான் ஆப்பிரிக்க மணலைச் சுமந்து வந்த செம்மழை கொட்டியது. அதில் மாட்டிய மூவரின் துணிகள்தான் கயிற்றில் கிடந்தன. ரொக்கோவின் சங்கத்து மஞ்சள் சட்டை: மார்பெல்லாம் செம்புள்ளி, முதுகில் பின்சக்கரம் வாரியடித்த நீளப்பட்டை. அக்ரிப்பினாவின் அகலமான மழைப்போர்வை: முன்பக்கம் செங்கல் நிறம், பின்பக்கம் சுத்தம். மூன்றாவது, எங்களில் ஒருவனான நுன்ஸியோவின் அதே சங்கச் சட்டை, முதுகு வெளியே தெரியத் தொங்கியது. ரொக்கோவுடையதைப் போலவே நீளப்பட்டை. கதால்தோ அதைத் திருப்பினார். இரண்டு தோள்களிலும் கைகளிலும் செம்புள்ளிகள். நடுவில் மட்டும் மஞ்சள் நிறம், அப்போதுதான் கடையில் வாங்கியது போலப் பளிச்சென்று இருந்தது. மறுபடி முதுகுப்புறமாகவே திருப்பித் தொங்கவிட்டார்.

"நின்ஃபா, சைக்கிள்களைப் பார்த்துட்டு வரலாமா?"

சைக்கிள்கள் பின்கட்டில் நின்றன. அக்ரிப்பினாவின் சைக்கிளில் இரண்டு சக்கரத்துக்கும் சேற்றுக்காப்பு உண்டு. பின்னால் வருபவர் மேல் சேறு தெறிக்கக் கூடாதென்று, பழைய எண்ணெய் டப்பாவை வெட்டிப் பின்சக்கரத்துக்கு ஒரு நீண்ட மடல் வேறு கட்டியிருந்தார். அது தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்கும். அதைப் பார்த்துச் சிரிக்காதவர் சங்கத்தில் இல்லை. அதிகம் சிரித்தவன் நுன்ஸியோ. அவனுடைய பந்தய சைக்கிளில் எடை கூடும் என்று எந்தக் காப்பும் கிடையாது.

சங்கத்திலேயே வேகமானவன் நுன்ஸியோ. வாய் அதைவிட வேகம். அன்று காலையில்கூட, "உங்களுக்கெல்லாம் ஒரு மணி நேரம் விட்டுத் தர்றேன். அப்படியும் நான்தான் முதல்ல போய்க் காபி சொல்லி வைப்பேன்" என்று சவால் விட்டு, சாப்பிடாமலே கிளம்பினான். வந்து சேர்ந்தது மூன்று முப்பத்தைந்துக்கு. அக்ரிப்பினாவுக்கு ஐந்து நிமிடம் முன்னால்.

"கணவாய்ல பன்னிரண்டு அம்பதுக்கே முத்திரை வாங்கிட்டான். அப்புறம் ரெண்டே முக்கால் மணி நேரம் என்ன பண்ணினானாம்?" என்று கேட்டார் கதால்தோ.

"பஞ்சராம். காபி ஆறிப் போச்சான்னு கேட்டேன், பதிலே வரல" என்றாள் நின்ஃபா.

கதால்தோ நுன்ஸியோவின் இருக்கைக்குக் கீழே கட்டியிருந்த பையைத் தொட்டார். மாற்று டியூப் கடைக் காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது. காற்றடிக்கும் பம்பின் வார் மேல் செம்மண் கலையாமல் படிந்திருந்தது.

"அப்போ பஞ்சர் ஆகலை" என்று நின்ஃபா கண்ணை விரித்தாள். "அவன்தான் ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான். தோன்னாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கூழ் ஆறுறதுக்குள்ள சொல்றேன்."

அதற்கு முன் அவர் அக்ரிப்பினாவைப் போய்ப் பார்த்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள்.

"தோன்னா, ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்ல ஒண்ணும் இல்லப்பா. மணி வேணும்னுதான் பத்து வருஷம் மிதிச்சேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுக்காக இன்னொருத்தர் தலையில மிதிச்சு ஏறணுமா?"

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்ததைக் கதால்தோ பார்க்காதது போல வெளியே வந்தார்.

ஏழு மணிக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அப்படித்தான் இருந்தது அறை. விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆட்டு மணி மேசை நடுவில் இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. நுன்ஸியோ கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

கதால்தோ கயிற்றிலிருந்து மழைப்போர்வையை எடுத்து மேசை மேல் விரித்தார்.

"ரொக்கோ, ஓடுற சரக்கு வண்டியோட பின்பக்கத்துல உட்கார்ந்தா எந்தப் பக்கம் பார்த்து உட்காருவே?"

"முதுகை வண்டி முகப்புல சாய்ச்சு, பின்னாடி பார்த்து."

"அப்போ தெற்குக் காத்து மழை உன் மேல எங்க படும்?"

ரொக்கோ யோசித்தார். "முகப்பு மறைச்சிடும். தலையில கொஞ்சம் விழும்."

"இந்தப் போர்வையோட முன்பக்கத்தைப் பாரு. இது காத்தை நேருக்கு நேர் வாங்கியிருக்கு, அதுவும் ரொம்ப நேரம். உன் சட்டை மார்பைவிட மூணு மடங்கு மண்ணு. நீ மழைல ஒரு மணி நேரம் வந்தே. இது ரெண்டு மணி நேரம் வந்திருக்கு."

"மழைல ஓட்டினாங்க, ஒத்துக்கிறேன். கணவாய்லேருந்து ஓட்டினாங்களா? பார்த்தது யாரு?"

"அதுக்குத்தான் வர்றேன்." கதால்தோ போர்வையை மடித்து வைத்தார். "ஒரு தடவை ஒரு தோட்டத்துக்குப் போனேன். ஆலங்கட்டி மழை எல்லாக் கொடியையும் அடிச்சுப் போட்டிருந்துச்சு. ஒரே ஒரு கொடி மட்டும் இலை கிழியாம நின்னுச்சு. அது ஒண்ணு தப்பிச்சதால, ஆலங்கட்டியே பொய், மத்ததைக் கம்பால அடிச்சிருக்கான்னு சொன்னாங்க. நான் அந்தக் கொடிக்கு எதிர்ல போய்ப் பார்த்தேன். ஒரு சுவர் இருந்து இடிஞ்ச அடையாளம். சுவர் போயிடுச்சு, ஆனா அதோட அகலம் கொடியில அப்படியே இருந்துச்சு."

அவர் மூன்றாவது சட்டையை எடுத்து, மார்புப் பக்கம் எங்களுக்குத் தெரியப் பிடித்தார்.

"இதுவும் அதே ரோட்ல, அதே காத்துல, அதே மழைல வந்த சட்டைதான். முதுகுல பட்டை இருக்கு, தோள்ல புள்ளி இருக்கு. நடு மார்புல ஒரு பொட்டு மண்ணு இல்ல. முன்னாடி ஒரு சுவர் இருந்திருக்கு, அகலமா ஒரு போர்வை போட்ட சுவர். இன்னொண்ணு. மழைல ஒருத்தர் பின்னாடி ஒட்டி ஓட்டினா, அவங்க சக்கரத்துச் சேறு நம்ம நெஞ்சுலதான் வந்து விழும். இங்க அதுவும் இல்ல. சேறே தெறிக்காத பின்சக்கரம் நம்ம சங்கத்துல எத்தனை இருக்கு?"

எண்ணெய் டப்பா மடல் எல்லோர் கண்ணிலும் ஆடியிருக்கும்.

"இது யாரோட சட்டைன்னு காலர்ல பேர் இருக்கு. நான் படிக்கலை, படிக்கவும் மாட்டேன். தோன்னா கணவாயத் தாண்டினாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா கட்டத்துல கையெழுத்துப் போட என்னால முடியாது, நான் அங்க இல்ல. அங்க இருந்தவர் ஒருத்தர்தான் போட முடியும். போட்டா அவர் தன் கணக்கைத் தானே அடிச்சுக்கிற மாதிரி. அதனாலதான் தோன்னா வாயைத் திறக்கலை."

நுன்ஸியோ எழுந்தான். அவனுக்கு இது ஒன்பதாவது வருடம்.

"அந்தச் சட்டை என்னுது" என்றான். "கணவாய்ல முத்திரை வாங்கினேன். அதோட சரி, உடம்புல ஒண்ணுமே இல்ல. கை நடுங்குது, கண்ணு இருட்டுது. கடையை வேற பூட்டிட்டுப் போயிட்டான். கூரை ஓரத்துல சுருண்டு கிடந்தேன். தோன்னா வந்து அத்திப்பழம் கொடுத்தாங்க. 'எழுந்திரு, இங்க கிடந்தா விறைச்சுப் போவே, என் பின்னாடியே வா'ன்னாங்க. ஊர் வாசல் வந்ததும் 'நீ முன்னாடி போ, யாருக்கும் தெரிய வேண்டாம்'னாங்க. அவங்களுக்கு இப்படி ஒரு சிக்கல் வரும்னு எனக்குத் தெரியாது. அஞ்சு மணிக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்ல."

"இப்பத்தான் முதல் தடவையா அதுக்கு வாய் இல்ல" என்று நின்ஃபா முணுமுணுத்தாள். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

ரொக்கோ பேனாவை நீட்டினார். சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும் அவருக்கு.

"அவங்களைக் கணவாய்ல கண்ணால பார்த்தியா?"

"கணவாய்ல முகத்தைப் பார்த்தேன். அப்புறம் நிக்கோசியா வரைக்கும் முதுகை மட்டும்தான் பார்த்தேன்."

காலிக் கட்டத்தில் அவன் கையெழுத்திட்டான். ரொக்கோ அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு நுன்ஸியோவின் அட்டையை எடுத்து, குறுக்கே ஒரு கோடு கிழித்தார். எழுபத்தொரு வயதில், எதிர்க்காற்றில், ஒரு முழு ஆளை முதுகுக்குப் பின்னால் வைத்து இழுத்துக்கொண்டு வந்தவரை இத்தனை நேரம் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ரொக்கோவே மணியை எடுத்து அந்த அம்மாளின் கையில் வைத்தார். அவர் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு நுன்ஸியோவிடம், "கூழைக் குடிடா, ஆறுது" என்றார்.

மறுநாள் காலையிலும் தெற்குக் காற்று நிற்கவில்லை. கூட்டமாகப் போகும் நாள். மணி கட்டிய சைக்கிளோடு அக்ரிப்பினா வாசலில் நின்றார். கடைசியாக வந்தான் நுன்ஸியோ. பளபளக்கும் அவனுடைய பந்தய சைக்கிளின் பின்னால் விடுதியின் எண்ணெய் டப்பா ஒன்று வெட்டி, கம்பி வைத்துக் கட்டப்பட்டுத் தொங்கியது. எண்ணெய்க் கம்பெனியின் பெயர்கூடப் பாதி தெரிந்தது.

"தோன்னா, மணி உங்களோடதுதான். ஆனா இன்னைக்குக் காத்து என்னோடது. நீங்க என் பின்னாடி வாங்க."

அக்ரிப்பினா குனிந்து மடலுக்கும் தரைக்கும் நடுவே கையை வைத்து அளந்தார்.

"இன்னும் நாலு விரல் இறக்கிக் கட்டு" என்றார். "அப்புறம் வர்றேன்."