அமாவாசையன்று பிணைத்த இழை

அமாவாசைக்கு எங்கள் பிள்ளையார்பாளையத்தில் யாரும் தறியில் கை வைக்கமாட்டார்கள். நெசவாளிகளுக்கு மாதத்தில் கிடைக்கிற ஒரே முழு லீவு அதுதான். மூன்று வருஷம் நச்சரித்து, ஆவணி அமாவாசையன்று என் வீட்டுக்காரர் விக்னேஷை மெட்ராஸுக்குக் கிளப்பினேன்.

காலையில் மெரினாவில் கால் நனைத்தோம். கலங்கரை விளக்கத்தில் ஏறினோம். செம்மொழிப் பூங்காவில் அவர் என்னை நாற்பது போட்டோ எடுத்தார். முப்பதில் என் கண் மூடியிருந்தது. சாயங்காலம் கடற்கரைக்கு எதிரே ஒரு பழைய பங்களாவில், 'ஓவியக் கண்காட்சி, அனுமதி இலவசம்' என்று போர்டு. இலவசம் என்றால் அவர் எமலோகத்துக்கும் ஒரு எட்டு போய்விட்டு வருவார். நுழைந்தோம்.

கடைசி அறையில் ஓவியமே இல்லை. ஒரு பழைய தறி, அதில் பாதி நெய்த அரக்குச் சேலை. 'தொடாதீர்கள்' என்று அட்டை வைத்திருந்தார்கள். கடல் எதிரிலேயே இருந்தும் அங்கே அலைச் சத்தம் கேட்கவில்லை. ஈரப் பட்டின் வாடை மட்டும் அடித்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவில் ஒரு இழை அறுந்து தொங்கியது.

அறுந்த இழையைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. பன்னிரண்டு வயதிலிருந்து பழகிய கை. அட்டையை மறந்தேன், அமாவாசையையும் மறந்தேன். இரண்டு நுனியையும் சேர்த்து விரலில் உருட்டிப் பிணைத்துவிட்டேன்.

தறியின் மிதி ஒருமுறை அழுந்தியது.

"நீயா மிதிச்ச?" என்றார் அவர்.

"நான் இந்தப் பக்கம் நின்னுக்கினு இருக்கேங்க."

அவசரமாகக் கதவைத் தாண்டினோம். தாண்டிய இடத்தில் அதே தறி. மறுபடி தாண்டினோம். மறுபடியும் அதே தறி. ஆறாவது தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குள் தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா தானாக ஓட ஆரம்பித்திருந்தது. கரையோரம் வந்ததும் நின்றது. எங்கள் கோர்வைச் சேலையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. ஒருவர் உடல் நெய்தால், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கரை நாடா போடவேண்டும்.

"கரை போட ஆள் வேணும்பா." காலி இருக்கையிலிருந்து ஓர் ஆண் குரல். "ஒரு முழம். அப்பால கதவு தெறக்கும்."

பிணைத்தது நான்தான். அவரை எப்படியாவது வெளியே அனுப்பிவிடவேண்டும் என்று உட்காரப் போனேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ நில்லுமா. ஒரு முழந்தான, போட்டுட்டு வந்துடறேன்."

உட்கார்ந்துவிட்டார். நான் பிணைத்ததைப் பிரிக்கப் பார்த்தேன். இழை என் விரலை அறுத்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாடா போய்ப் போய் வந்தது. அவர் நெற்றியில் வியர்வை. பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

முழம் முடிந்தது.

கதவுப் பக்கமிருந்து அலைச் சத்தம் வந்தது.

"ஓடு சங்கீ!" என்று அவர் கத்தினார்.

ஓடினேன். பின்னாலேயே செருப்புச் சத்தம். ரோட்டுக்கு வந்து அவர் என் கையைப் பிடித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அவர் தோளில் முகம் வைத்து அழுதேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலப் பாத்து எவ்ளோ வருஷமாச்சு!" என்றார்.

காலையில்தான் இரண்டு பேரும் மெரினாவில் கால் நனைத்திருந்தோம்.

அப்போது என் செல் அடித்தது. திரையில் விக்னேஷ் பெயர்.

"சங்கீ, கதவு மூடிக்கிச்சு." அவர் குரலேதான், கிசுகிசுப்பாக. "ஜன்னல்ல ரோடு தெரியுது. உன் கையப் பிடிச்சிக்கினு நிக்கறது யாருமா?"

கையை உருவப் பார்த்தேன்.

வரவில்லை.