நேரடி இணைப்பு

ஸுஹைறா கையை எடுத்த பிறகும் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. விரல் வைத்து வாசிப்பதுபோல வரி வரியாக இறங்கி, ஒரு பெண்ணின் பெயரில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம். சாய்ந்தமருதுக் கடற்கரைத் தெருவில் ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஓட்டுக் கூரையில் மாரி மழை இரைய, அதற்கும் அப்பால் கடல் இரைய, ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாடையும் முற்றத்துச் சேற்று வாடையும் வீட்டுக்குள் ஏறிய அந்த இருண்ட பகலில், விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கணவன் மசூர் கட்டாருக்குப் போய் நான்கு வருடம். பேச ஆளில்லாத வீட்டில் பிற பெண்களின் கதைகள்தான் அவளுக்குத் துணை. அடிபட்டவர்கள், ஏமாந்தவர்கள், வீட்டில் சொல்ல முடியாததைச் சொன்னவர்கள். சம்மாந்துறையில் ஒரு பெண்கள் உதவி நிலையத்தில், அவளுக்கு அக்காபோன்ற ஜெனூபா அவர்களுடைய வாக்குமூலங்களைக் குரலில் பதிவுசெய்வாள். ஸுஹைறா வீட்டிலிருந்தே அவற்றை எழுத்தாக்குவாள். இருவருடைய லெப்டொப்களுக்கும் நடுவே கடவுச்சொல் போட்ட இணைப்பு. அந்தச் சொல் வேறு யாருக்கும் தெரியாது.

அவள் ஜெனூபாவை அழைத்தாள்.

“ராத்தா, நீங்களா ஃபைலத் திறந்து வாசிக்கிற?”

“நான் எங்க புள்ள வாசிக்கிற? இஞ்ச காலத்தால விடிஞ்சதுல இருந்து கரண்ட் இல்ல. என்ட லெப்டொப் மூடித்தான் இரிக்கி.”

அம்புக்குறி அடுத்த பெயருக்குப் போனது.

“அப்ப வேற யாரோ உள்ளுக்கு வந்திட்டாங்க, ராத்தா.”

“யா அல்லாஹ்! உடனே வைஃபைய நிப்பாட்டு. அந்தப் புள்ளைகள்ட பேர் வெளிய போனா உசிரோட விடமாட்டாங்க.”

ரவுட்டரின் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் அணைந்தன. அம்புக்குறி நிற்கவில்லை. திரையின் மூலையில் புதிதாக ஒரு வரி: நேரடி இணைப்பு, ஒரு சாதனம். பக்கத்தில் இரண்டு கோடு சிக்னல்.

அதையும் வாசித்துக் காட்டினாள்.

“அது ரவுட்டர் இல்லாம நேரா சேர்ற, புள்ள. தூரத்துல இருந்து ஏலா. கிட்டத்தான் எங்கயோ இரிக்கி. மதிலுக்கு அங்கால ஆரும் நிக்காங்களா பாரு. என்ட போன்லயும் சார்ஜ் முடி...”

பேச்சு அறுந்தது. திரும்ப எடுத்தாள். போகவில்லை.

இணைப்பைத் துண்டித்தாள். தானாகச் சேர்ந்தது. மறுபடியும் துண்டித்தாள். மறுபடியும் சேர்ந்தது. லெப்டொப்பை அணைத்துவிடலாம்தான். ஆனால் வாசித்தவன் வாசித்ததோடு போய்விடுவான். தன்னை நம்பி வாய் திறந்தவர்களின் முகமறியாத குரல்கள் காதுக்குள் வந்தன. லெப்டொப்பை நெஞ்சோடு ஏந்திக்கொண்டு எழும்பினாள்.

ஜன்னலருகே ஒரு கோடு. தெருவில் மழையைத் தவிர யாரும் இல்லை.

வெளியே இல்லை.

வீட்டுக்குள் திரும்பினாள். கூடத்தில் இரண்டு. குசினி அடுப்பருகே மூன்று. பின்னறையை நோக்கி நடக்க நடக்க, நான்கு. மசூர் வந்து பூசுவதாகச் சொல்லி அரைகுறையாக விட்டுப்போன அறை அது. ஜன்னலோ வேறு வாசலோ இல்லை. கதவில் அவர் பூட்டிய பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது, வெளிப்பக்கம்.

ஐந்து. முழுதாக.

திரையிலிருந்த வாக்குமூலம் மூடியது. வெற்றுப் படிவம் ஒன்று திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

பெயர்: ஸுஹைறா.

டக். டக். மழையின் சத்தமல்ல. கதவுக்கு அந்தப் பக்கம்.

வயது: முப்பத்து மூன்று.

மூச்சைப் பிடித்தாள். சத்தம் நின்றது. விட்டாள். தொடர்ந்தது.

வீட்டில் இருப்போர்: ஒருவர்.

சற்றுப் பொறுத்து அந்தச் சொல் அழிந்தது.

இருவர்.

அவள் கண் கீழே போனது.

கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த மெல்லிய இடைவெளியால், நீரில் ஊறி வெளுத்த நான்கு விரல்கள் வெளியே வந்திருந்தன. ஒரு விரல் உயர்ந்து சீமெந்துத் தரையில் தட்டியது.

திரையில் ஓர் எழுத்து விழுந்தது.

அடுத்த விரல் உயர்ந்தது.