கொடியில் மூன்று வெள்ளைக் கட்டிகள்

"இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்குது!" என்று கத்தினார் தட்சணாமூர்த்தி சார்.

எங்கள் பள்ளிக்கூடம் அன்று கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுனாமியில் இடிந்த பள்ளியைத் திரும்பக் கட்டித் தந்தது ஜெர்மனியில் இருக்கும் ஒரு சின்ன ஊர். எங்கள் மரக்காணத்தைவிடச் சின்ன ஊராம்! பள்ளியைத் திறந்து வைக்க அந்த ஊர்த் தலைவியே வருகிறார். வாசலில் அவர்களுடைய கொடியைக் கோலமாகப் போடுவது என் பொறுப்பு. நான் மேரிசெல்வி, ஐந்தாம் வகுப்பு.

கொடியில் மேலே நீலம், கீழே மஞ்சள். நடுவில் கேடயம் மாதிரி ஊர்ச் சின்னம். அதற்குள் மூன்று வெள்ளைக் கட்டிகள்.

"இது என்னா சார்?"

"கற்கண்டா இருக்கும். நீ போடும்மா."

போட்டு முடித்து நிமிர்ந்தேன். கடல்காற்று ஒரே ஊது ஊதியது. நீலப்பொடி மஞ்சளோடு கலந்துவிட்டது. மஞ்சள்பொடி சார் வேட்டியில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, போச்சு!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடும்மா. வெறும் வாசலாவே இருக்கட்டும்" என்றார் சார்.

வெறும் வாசலா? அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கா? மாட்டவே மாட்டேன்!

மதிலுக்கு அந்தப் பக்கம் உப்பளம். அம்மா வாரிக் குவித்த உப்பு, அதே காற்றில் அசையாமல் கிடந்தது. நான் எடுத்தேன் ஓட்டம்!

"அம்மா! மூணு கூடை உப்பு வேணும்!"

"ஏண்டி, ஊருக்கே சாம்பார் வைக்கப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். அம்மா உடனே உப்பள முதலாளியிடம் கேட்டு, கூடைகளைத் தூக்கி வந்தாள். ஒன்றில் நீலப்பொடியையும் இன்னொன்றில் மஞ்சள்பொடியையும் போட்டுக் கலந்தோம். நடுக் கட்டிகளுக்கு வெறும் உப்பு. காற்று அடித்துப் பார்த்தது. கல்லுப்பு நகரவே இல்லை!

வேன் வந்து நின்றது. தலைவி இறங்கினார். கோலத்தைக் குனிந்து பார்த்தவர், வெள்ளைக் கட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுவிட்டார்!

"அடடா, கற்கண்டுன்னு நெனைச்சிட்டாங்களே!" என்று சார் பதறினார்.

ஆனால் தலைவி முகம் சுளிக்கவில்லை. கண்கள் கலங்க, கடகடவென்று என்னவோ சொன்னார். ஆரோவிலில் வேலை செய்யும் ரேணுகா அக்காவும் வேனில் கூட வந்திருந்தார்; ஜெர்மன் தெரிந்த அவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"அவங்க ஊர்லயும் உப்புதான் தொழிலாம். கொடியில இருக்கிற மூணு கட்டியும் உப்புதானாம். உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறாங்க."

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "ஆனா இது எங்கம்மா வாருன உப்புன்னு சொல்லுங்க!"

தலைவி நேராக அம்மாவிடம் போனார். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலை அம்மா கையில் கொடுத்தார்.

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சடக்கென்று ரிப்பனை வெட்டினாள். முதலில் கை தட்டியது நான்தான்.