நீலச் சிலிண்டர்

காருக்குள் இனிப்பாக ஒரு வாசம் இருந்தது. இசக்கிப்பாண்டி கண்ணாடியை இறக்கினான். பொன்முடி மலையின் மஞ்சுப் பனியும் ஈரத் தேயிலை வாடையும் உள்ளே வந்தன, இனிப்பு மட்டும் போகவில்லை. கார்ப் பந்தயக்காரர்கள் வாங்கும் நைட்ரஸ் வாயுவில், யாரும் போதைக்கு முகர்ந்துவிடக் கூடாதென்று கந்தகம் கலந்திருப்பார்கள். தீக்குச்சி உரசினாற்போல மூக்கில் ஏறும். இதில் அது இல்லை. இது ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிற சரக்கு.

தம்பி தங்கபாண்டி கொண்டுவந்தது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் மூடிக்கிடந்த நர்சிங் ஹோமை இடிக்கப் போனவன், ஆபரேஷன் அறையிலிருந்து இந்த நீலச் சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்துவிட்டான். இடிக்கிற கட்டடத்தில் முதல் அடிக்கு முன்னால், உள்ளே குடியிருப்பது உயிர் கேட்காமலிருக்க, பூசணிக்காய் உடைப்பார்கள். அதுவரை உள்ளேயிருந்து ஓர் ஆணியைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள்.

"பூசணி ஒடச்சாச்சாலே?" என்று இசக்கி அன்றைக்கே கேட்டான்.

"அதுவரைக்கும் நின்னா மேஸ்திரி கண்ணுல பட்டுரும்ணே. காலிக் கட்டடத்துல யாரு வந்து கேக்கப் போறா?"

இசக்கி வாங்கிக்கொண்டான். தான் வேலை பார்க்கும் கரமனை ஒர்க்‌ஷாப்பில், பந்தயம் ஓட்டும் கைலாஷ் சாரின் காருக்குள் பின்சீட்டோரம் அதைக் கட்டி, எஞ்சின்வரை குழாய் இழுத்தான். பொத்தானை அமுக்கினால் வாயு பாயும், பெட்ரோல் கூடுதலாய் எரியும், வண்டி பறக்கும். இன்று ஓட்டிப் பார்க்க மலைக்கு வந்திருக்கிறார்கள். கட்டிய பட்டை சரியாய் நிற்காததால் தம்பி பின்னால் சிலிண்டரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"புடிச்சிருக்கியாலே?"

"பச்சப்புள்ள மாதிரி அணைச்சு வச்சிருக்கேன். அமுக்குண்ணே, அடிபொளியா இருக்கும்."

அமுக்கினான். முதுகு சீட்டில் அறைந்தது. எஞ்சின் அலறியது. கொண்டை ஊசி வளைவு மஞ்சைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கு நேரே வர, விரலை எடுத்துப் பிரேக்கை மிதித்தான், எஞ்சினையும் அணைத்தான். எங்கோ தண்ணீர் விழும் சத்தம். சூடான இரும்பு சுருங்கும் டிக் டிக். அதற்கும் அடியில், பின்னாலிருந்து, ஒரு சீறல். ஸ்ஸ்ஸ். நின்றது. ஸ்ஸ்ஸ்.

வாயு ஒழுகினால் விட்டுவிட்டு ஒழுகாது.

"தங்கம்?"

தலை சாய்ந்திருந்தான். கண் பாதி திறந்திருந்தது. உதட்டில் வெள்ளையாய் உறைபனி. மார்பு ஏறியது, ஸ்ஸ்ஸ். இறங்கியது. வாயுவில் மயங்கிவிட்டான் என்று இசக்கி கதவுகளையெல்லாம் திறந்துபோட்டு, வால்வைத் திருகி மூடினான்.

சீறல் நின்றது. மார்பும் நின்றது.

"லே... மக்கா, வெளயாடாதலே."

கன்னத்தில் அறைந்தான். அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தான். வரவில்லை. தம்பியின் விரல்கள் இரும்போடு ஒட்டியிருந்தன. முகம் நீலம் பாய்ந்தது. சிலிண்டரின் அதே நீலம்.

வால்வைத் திறந்தான். ஸ்ஸ்ஸ். மார்பு ஏறியது.

மூடினான். நின்றது.

திறந்தான்.

சிலிண்டரின் அளவு முள்ளைப் பார்த்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கோடு இறங்கியது. போனில் சிக்னல் இல்லை. ரோட்டில் வண்டி இல்லை. மஞ்சு மட்டும் திறந்த கதவு வழியே உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணன் இருக்கேம்லே. இங்கதான் இருக்கேன்."

ஸ்ஸ்ஸ்.

சிவப்புக் கோடு.

ஸ்ஸ்.

பூஜ்ஜியம்.

சீறல் ஓய்ந்தது. தம்பியின் மார்பு இறங்கியது. இறங்கியது. சட்டை விலா எலும்போடு ஒட்டியும் நிற்காமல் இறங்கியது.

இசக்கி வால்வை மூடப் பார்த்தான். அவன் விரல்களும் ஒட்டியிருந்தன.

முள் மெல்ல ஏறத் தொடங்கியது.